முதல் படத்தில் இருந்த மறைப்பு

மலாக்கா
4 மார்ச் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கையா எழுதுகிறேன். நானும் கோமளாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ, மச்சான், ஜெயா மூவரும் எப்படி? மச்சானுக்குக் காய்ச்சல் என்று போன தடவை எழுதியிருந்தாய், விட்டுவிட்டதா?

ஒரு நல்ல சேதி. நம் ஆள்களில் வீடு கட்டுகிறவர்கள், கான்டிராக்டர், கொத்தனார், தச்சர் என்று நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து மலாக்கா இந்தியர் வீடு கட்டுவோர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்திருக்கிறோம். தலைவர் கனகரட்ணம் ஐயா. பொதுவேலை இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். செயலாளர் யார் என்று நினைக்கிறாய்? சிரிக்காதே, உன் தம்பிதான்.

சங்கம் அடுத்த மூன்று வருஷத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஜூலையில் ஆண்டுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். இதுவரை மூன்று எழுதியிருக்கிறேன். சாரத்திலிருந்து விழுந்தவன் குடும்பத்துக்கு உதவி. கட்டடப் படம் படிக்கத் தெரியாத தச்சர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மூன்றாவதுதான் பெரியது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் என்று அவசரகாலம் வந்ததிலிருந்து தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர் லயங்களைப் பிரித்துக் கம்பி வேலிக்குள் கொண்டு வருகிறார்கள் அல்லவா? ஒவ்வொரு கான்டிராக்டரும் தனித்தனியாகப் படம் போட்டு முழிக்காமல் சங்கமே ஒரு மாதிரிப் படத்தைக் கொடுக்கும். அது உங்கள் மூங்கில்காட்டு லயத்துக்கு நான் போட்டுக் கொடுத்த படம்தான். இன்னும் ஆறு தோட்டங்களுக்கு அது போகப் போகிறது.

அதில் முதலில் குடியேறினவள் நீ. வீடு எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுது. குடியிருப்பவர் வாயால் வந்தால் கமிட்டியில் எடுபடும். நீங்கள் பால் காய்ச்சின அன்று வரவில்லை என்று கோபம் வைத்துக்கொள்ளாதே. படம் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது, கட்டினவர் வேறு ஆள். அந்தப் பக்கம் வர வாய்க்கவே இல்லை.

கோமளா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். ஜெயாவுக்கு மாமாவின் ஆசி.

உன் தம்பி,
தங்கையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம், அலோர் காஜா
18 மார்ச் 1951

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் கடிதம் வேலிக் கேட்டுக்கு வந்து, கணக்கெழுதும் கிராணியார் பிரித்துப் பார்த்து, மூன்று நாள் கழித்து என் கைக்கு வந்தது. மச்சானுக்குக் காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. எனக்கும் ஜெயாவுக்கும் ஒன்றுமில்லை. கோமளாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

செயலாளர் ஆகிவிட்டாய். ரொம்ப சந்தோஷம். நாலாம் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டு வாத்தியாரிடம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாயே, அதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

வீடு நன்றாக இருக்கிறது. தகரக் கூரை, பலகைச் சுவர், சிமெண்டுத் தரை. பழைய லயத்தில் மழை வந்தால் பாத்திரம் தேடி ஓடுவோம், இங்கே அந்த வேலை இல்லை. சன்னல் பெரியது. குழாய் லயத்துக்குப் பின்னால் வேலியோரத்தில் இருக்கிறது. காவல் கோபுரமும் அங்கேதான். தண்ணீருக்குக் குறைவில்லை. வாளியில் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறோம். அதனால் அடுப்படி மூலை மட்டும் எப்போதும் ஈரமாகக் கிடக்கிறது, சுவர்ப் பலகை கொஞ்சம் ஊறியிருக்கிறது. சாக்குப் போட்டுத் துடைத்துக்கொள்கிறேன். அதை ஒரு குறையாக எழுதவில்லை.

ஜெயாவுக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. என் கைலியை எடுத்துக் கட்டிப் பார்க்கிறாள். "மாமா சங்கத்துக்குப் பெரிய ஆளாயிட்டாங்க, இனிமே இங்க வருவாங்களாம்மா" என்று கேட்கிறாள். நீயே பதில் எழுது.

அன்புள்ள அக்கா,
கமலவேணி

*

மலாக்கா
8 ஏப்ரல் 1951

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. மச்சான் இருமலுக்கு மருந்து வாங்கி இத்துடன் சுப்பண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைக் கமிட்டியில் படித்தேன், காது சமாச்சாரத்தை விட்டுவிட்டுத்தான். கனகரட்ணம் ஐயா, "உம்மட அக்கா வடிவா எழுதுறா. இதை அப்பிடியே திட்டப் புத்தகத்திலை சேர்ப்பம்" என்றார். என் பேச்சுக்குக்கூட அவர் அப்படித் தலையாட்டியதில்லை.

அடுப்படி மூலை ஏன் ஈரமாக வேண்டும்? கூரை ஒழுகுகிறதா, தரைச் சரிவு தப்பா? ஆறு தோட்டத்துக்குப் போகிற படத்தில் பிழை இருக்கக்கூடாது. சுப்பண்ணன் உங்கள் லயம் கட்டும்போது தச்சர்களுக்குத் தலைவராக இருந்தவர், அவர் வந்து பார்ப்பார்.

இன்னொன்று. குழாயடியில் ஒன்றும் சிரமம் இல்லையே? நீங்கள் எல்லாம் சமாளித்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

ஜெயாவிடம் மாமா கட்டாயம் வருவார் என்று சொல்.

தம்பி,
தங்கையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
22 ஏப்ரல் 1951

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். மருந்து கிடைத்தது.

சுப்பண்ணன் வந்தார். கூரை ஒழுகவில்லை, தரையும் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மூலை ஏன் ஈரம் என்று கேட்டார், நான் சாக்கை எடுத்துத் துடைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வாளியும் மாற்றுக் கைலியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீ போட்ட முதல் படத்தைப் பற்றிச் சொன்னார். நன்றாகப் போட்டிருந்தாயாம். இரண்டாவது படத்தை வைத்துத்தான் கட்டச் சொன்னார்களாம்.

வேறு விசேஷம் இல்லை. கோமளாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மலாக்கா
6 மே 1951

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ இவ்வளவு சின்னதாக எழுதிப் பார்த்ததில்லை, உடம்பு சரியில்லையா?

சுப்பண்ணன் எந்தப் படத்தைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு வேலைக்குப் பத்துப் படம் போடுவோம், அழிப்போம், திரும்பப் போடுவோம். வயதானவர், ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வார்.

திட்டம் நன்றாக வளர்ந்து வருகிறது. சங்கத்துக்கு ஒரு அறை பிடித்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். வீடு கட்ட நினைக்கிறவர் யார் வேண்டுமானாலும் வந்து யோசனை கேட்கலாம். மாதிரிப் படம் அச்சுக்குப் போகப் போகிறது. என் பெயர் அடியில் வரும்.

ஜெயாவுக்கு நான் சொன்னதாகச் சொல். அவள் பெரியவளானால் அன்றைக்கே எனக்கு ஆள் அனுப்ப வேண்டும். தாய்மாமன் குச்சு கட்டித்தானே அவளை உள்ளே உட்கார வைக்க வேண்டும்? வீடு கட்டுவோர் சங்கத்துச் செயலாளர் தன் அக்காள் மகளுக்குக் கட்டுகிற குச்சு எப்படி இருக்கும் என்று மூங்கில்காட்டு சனம் பார்க்கட்டும். பச்சைத் தென்னோலை லாரியில் வந்து இறங்கும்.

சீக்கிரம் எழுது.

தம்பி,
தங்கையா

*

மலாக்கா
10 ஜூன் 1951

அக்காவுக்கு,

நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, உன் எழுத்தைக் காணோம். அந்தப் பக்கம் லாரியைச் சுட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கோமளாவுக்கு மனசு சரியில்லை. உங்கள் தோட்டம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு கார்டு போட்டாலும் போதும்.

அச்சுக்கூடத்தில் புத்தகம் காத்திருக்கிறது. உன் கடிதத்தின் அடியில் பெயர் போடலாமா என்று சொல். ஆண்டுக் கூட்டம் ஜூலை பதினைந்து.

தங்கையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
20 ஜூன் 1951

மாப்பிள்ளை தங்கையாவுக்கு,

வடிவேலு எழுதுவது. இருமல் குறைந்திருக்கிறது. உன் சுகத்தை விசாரிக்க வேண்டியது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். இது உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கிராணி படித்தால் படிக்கட்டும்.

ஜெயா போன மாதம் ஒன்பதாம் தேதி பெரியவளானாள். லாரியில் ஓலை வரும் என்று நீ எழுதின கடிதம் மறுநாள் வந்தது.

குச்சு கட்ட இங்கே இடம் இல்லை. லயத்துக்குப் பின்னால் வேலி வரைக்கும் ஒரு குச்சி நிறுத்தக்கூடாது, கோபுரத்திலிருந்து பார்வை மறைக்கும் என்று உத்தரவு. முன்பக்கம் லாரிப் பாதை. பிப்ரவரியிலேயே பெண்கள் குழாயடியில் அத்தாப்பு ஓலைத் தட்டி ஒன்று கட்டினார்கள். காவல்காரர்கள் அன்றைக்கே பிடுங்கிப் போட்டார்கள். அதிலிருந்து பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் குளிக்கிறார்கள். விடியும் முன் குளிக்கலாம் என்றால் ஊரடங்கு. நாங்கள் ஆம்பிளைகள் குழாயடியிலேயே குளித்துவிட்டுப் போகிறோம். இதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிள்ளையைப் பதினாறு நாள் மூலையில் கைலியைக் கட்டி மறைத்து உட்கார வைத்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று முறைக்காரப் பெண்கள் எட்டுப் பேர் சுற்றி நிற்க வேண்டும், அந்த மூலையில் இரண்டு பேர் நிற்க முடியாது. குழாயடிக்குக் கூட்டிப் போனார்கள். பெண்கள் கைலிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குச் சுற்றிப் பிடித்து என்ன பிரயோசனம்? கோபுரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளை அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சுக் குறைந்துவிட்டது.

மாமன் முறைக்குப் பக்கத்து வீட்டுச் சிவசாமி நின்றான். உனக்கு ஆள் அனுப்புகிறேன் என்று நான் கிளம்பினேன். உன் அக்கா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "மறைப்ப அழிச்சது அவன்தான். அவன வரச் சொல்லி எங்கங்க குச்சு கட்டச் சொல்றது? வந்து பாத்தா அவன் தாங்கமாட்டான். கூட்டம் வேற வருது, வேணாம்" என்றாள். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் உன்னைக் கூப்பிடவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

வடிவேலு

*

மலாக்கா
27 ஜூன் 1951

அக்கா,

சுகம் கேட்டு ஆரம்பிக்க எனக்குத் தகுதி இல்லை. மச்சான் எழுதினார். அவரைக் கோபிக்காதே.

சுப்பண்ணன் குழப்பிக்கொள்ளவில்லை. முதல் படத்தில் இரண்டு வீட்டுக்கு ஒன்றாகப் பின்பக்கம் குளியல் மறைப்பு இருந்தது. முப்பத்தெட்டு வீட்டுக்குப் பத்தொன்பது மறைப்பு. தோட்டத்துத் துரையின் ஆபீசில் படத்தை விரித்தபோது பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அதில் விரலை வைத்து, இது எதற்கு, கோபுரத்துக்கு மறைக்குமே என்றார். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை, அக்கா. எதற்கு என்றுதான் கேட்டார். பதில் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் அழிக்க ஆரம்பித்துவிட்டேன். அழித்துக்கொண்டே சிரித்தேன். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார், வெளியிலயே குளிச்சிக்குவாங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு மாதிரி வந்தது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவங்க என்றேன். நானும் பன்னிரண்டு வயது வரை லயத்தில் வளர்ந்தவன். நீ அந்த லயத்தில்தான் குடியேறப் போகிறாய் என்று தெரிந்தேதான் சொன்னேன். நல்ல சட்டை போட்டிருந்தேன், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தேன், அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவன் என்று அவர் நினைக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், தேடிப் பார்த்தேன், இல்லை.

பால் காய்ச்சின அன்று வேலை இருந்து வராமல் இல்லை. குழாயடியைப் பார்க்கப் பயந்து வரவில்லை. நீ ஒரு குறையும் எழுதாதபோது, அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை என்று அதைக் கமிட்டியில் வேறு படித்தேன்.

மச்சான் கடிதத்தைக் கோமளா படித்தாள். "நம்ம குளிக்கிற ரூமுக்கு ரெண்டு தாழ்ப்பா போட்டீங்களே, எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசியது கொஞ்சம்தான்.

வந்து உன் காலில் விழட்டுமா? ஜெயாவுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

தங்கையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
5 ஜூலை 1951

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் கோமளாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருங்கள். பட்டினி கிடந்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சுப்பண்ணன் சொன்ன அன்று எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுத வரவில்லை, அதனால்தான் அவ்வளவு சின்னதாக எழுதினேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றில் குளித்தவள் நான். கூடப் பிறந்தவனிடம் குளிக்க இடமில்லை என்று எப்படி எழுதுவது? அதற்குக் கூச்சப்பட்டு நானும் நல்ல வீடு என்று எழுதிவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது. என் கடிதத்தைப் புத்தகத்தில் போடாதே.

காலில் விழ வேண்டாம். ஆறு தோட்டத்துக்குப் படம் போகிறது என்றாயே, அதைத் திருத்து. கோபுரத்துக்கு மறைக்கும் என்றால் மறைக்காமல் கட்டத் தெரியாதா? நாங்கள் பெண்களே குழாயடியில் சாக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டோம். சிவசாமியைக் கோபுரத்துப் பக்கம் மேட்டில் நின்று பார்க்கச் சொன்னோம். தட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஆரம்பிக்க வேண்டும். உயரம் தரையிலிருந்து ஆறடி. மேலே ஒற்றைத் தகரம், கோபுரப் பக்கம் தாழ்வாக. உள்ளே எத்தனை பேர் என்று காவல்காரன் கால்களை எண்ணிக்கொள்ளலாம். ஒளிந்துகொள்ள முடியாது. வேலியோரம் வேண்டாம், லயத்துச் சுவரை ஒட்டியே இருக்கட்டும், அப்போது வேலி முழுக்கத் தெரியும். நாலு பேர் நிற்கிற அகலம் வேண்டும். பச்சைப் பிள்ளைக்காரி வந்தால் இன்னொருத்தி கூட நிற்க வேண்டும் அல்லவா?

உன் திட்டத்தில் இன்னொன்றும் சேர். படம் போட்டு முடிக்கும் முன் அந்த வீட்டில் இருக்கப்போகிற பெண் யாராவது ஒருத்தியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சங்கம் செய்ய வேண்டியது என்ன என்று மார்ச்சில் கேட்டாயே, இதுதான் என் பதில்.

ஜெயாவுக்கு நீ செய்ய ஒன்றுமில்லை. அந்த நாள் போய்விட்டது.

அக்கா,
கமலவேணி

*

மலாக்கா
17 ஜூலை 1951

அக்கா,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை எழுது என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. இதைப் படித்தபின் எழுதுவாயோ மாட்டாயோ.

கூட்டம் முடிந்தது. நீ சொன்ன அளவை அப்படியே வரைந்து சுவரில் மாட்டினேன். என்ன பேசுவது என்று வரிசையாக மனதில் வைத்திருந்தேன். முதலில், மறைப்பை அழித்தவன் நான். அடுத்து, இந்த அளவு என் அக்காவுடையது. பெண்களைக் கேட்கும் யோசனை கடைசியில்.

நான் எழுவதற்குள் கனகரட்ணம் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "செயலாளர் கெட்டிக்காரன். இத்தினை வருசத்திலை இப்பிடியொரு யோசினை எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் வரேல்லை" என்றார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். நன்றி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு தோட்டத்திலும் மறைப்பு வரும், அது நிச்சயம். உங்கள் லயத்தில் வராது. கட்டி ஒப்படைத்த வேலை என்று விட்டுவிட்டார்கள். அதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கே ஏன் முதலிலேயே வைக்கவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். பெண்களைக் கேட்க வேண்டும் என்பதை வாயிலேயே எடுக்கவில்லை.

துரை ஆபீசில் ஒரு தடவை. இப்போது இன்னொரு தடவை. யாரும் என்னை மிரட்டவில்லை, அக்கா, இரண்டு தடவையும். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன், முடியவில்லை.

தங்கையா

*

மலாக்கா
8 ஆகஸ்ட் 1951

அக்கா,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தும் மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான், ஜெயா, நீ, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சுப்பண்ணன் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிறு கமிட்டி. ஆண்டுக் கூட்டத்துக் குறிப்பைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பை எழுதினவனும் நான்தான். 'செயலாளரின் யோசனைப்படி' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, இது பொய், திருத்த வேண்டும் என்றேன். ஆபீசில் நடந்தது, நான் சொன்ன வார்த்தை, ஜெயாவுக்கு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பாலகிருஷ்ணன் என்று ஒரு கான்டிராக்டர், நல்ல மனுஷன், என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "முடிஞ்ச கதைலா தங்கையா. இதெல்லாம் எதுக்குலா குறிப்புல எழுதிக்கிட்டு" என்றார். எழுதுங்கள் என்றேன்.

கனகரட்ணம் ஐயா என்னிடமிருந்து குறிப்பேட்டை வாங்கித் தானே எழுதினார். மறைப்பின் அளவு மூங்கில்காட்டுத் தோட்டம் கமலவேணி அம்மாள் தந்தது, முதல் படத்தில் இருந்த மறைப்பை நீக்கியவர் செயலாளர் என்று இரண்டு வரி. எழுதிவிட்டு, "நீர் இனி இந்தச் செயலாளர் கதிரையிலை இருக்கிறது சரிவராது, தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. சங்கத்து அலமாரிச் சாவியை மேசையில் வைத்தேன். போகும் முன் உன் யோசனையை ஓட்டுக்கு விடச் சொல்லிக் கேட்டேன். பெண்களைக் கேட்பதும் சங்கத்து வேலையா என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள். எட்டுக்கு ஏழு, நிறைவேறியது. எனக்கும் ஒரு ஓட்டு இருந்தது, அதை இப்போதாவது சரியாகப் போட்டேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்து மறைப்பை நான் வந்து கட்டட்டுமா? செயலாளராக இல்லை, தச்சனாக. துரையிடம் அனுமதிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுது. நானே போய் நிற்கிறேன்.

தங்கையா

*

மூங்கில்காட்டுத் தோட்டம்
15 ஆகஸ்ட் 1951

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். மச்சானுக்கு இருமல் நின்றுவிட்டது. கோமளா உன்னோடு பேசுகிறாளா? பேசாவிட்டால் நான் சொன்னேன் என்று பேசச் சொல்.

துரையைப் பார்க்க நீ போக வேண்டாம். நாங்கள் பதினோரு பெண்கள் போய்விட்டு வந்தோம். சிவசாமி பேப்பரில் கோடு போட்டுக் கொடுத்தான். துரை அதைப் பார்த்து, கோபுரத்துக்கு இது தடை இல்லை, கட்டிக்கொள்ளுங்கள் என்றார். இத்தனை நாள் ஏன் யாரும் கேட்கவில்லை என்றும் கேட்டார். கேட்டால் கிடைக்கும் என்று நாங்களும் நினைக்கவில்லை.

உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். நீ சாவியை வைத்தாய் என்ற இடம் வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஜெயாவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "மாமா எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்களா? என் பேரையுமா?" என்று கேட்டாள். பெயர் சொன்னாயா என்று எனக்கும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நீ யோசித்திருக்க வேண்டும்.

22ஆம் தேதி புதன்கிழமை வா. பாஸ் எழுதிக் கேட்டில் கொடுத்திருப்பார்கள். பலகையும் தகரமும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறோம், உன் கருவிகளை மட்டும் கொண்டு வா. சுப்பண்ணன் கூட வந்தால் நல்லது. காலை ஏழு மணிக்கு மேல் லயத்தில் பெண்கள் இருக்கமாட்டோம், எல்லாரும் ரப்பர் வெட்டுக்காட்டில் இருப்போம். அன்றைக்கு ஜெயாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மரப்பால் நிறுத்து முடிந்து நாங்கள் திரும்ப இரண்டு மணி ஆகும். அதற்குள் ஒன்றாவது முடிந்துவிடும். மற்றதை அடுத்தடுத்த புதன் வந்து கட்டு.

சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் போகிறேன். வயிறாரச் சாப்பிடு. ஆனால் நான் திரும்பும் வரை காத்திருக்காதே, தம்பி. உன் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் அங்கேயே மன்னித்துவிடுவேன். இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு அது வேண்டாம்.

உன் அக்கா,
கமலவேணி